மேலே ஏறும் பதின்மூன்று வோல்ட்

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பகுதித் தோல் ஊர்களில் பல வீடுகளுக்கு அது இரண்டாவது டிவியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பழையது கூடத்தில் நிற்க, புதியது மாடி அறைக்கு ஏறியது. தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டிடிஹெச் சேவை 2004 டிசம்பரிலேயே தொடங்கியிருந்தது. 2007 முடியும் தறுவாயில் சன் டைரக்ட்டும் வந்தது. தமிழும் உருதும் ஒரே கூரையின் கீழ் புழங்கும் ஊர்கள் இவை. ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்து மெகா தொடர் பார்ப்பவர் ஒருவர், உருதுச் செய்தி கேட்பவர் இன்னொருவர், கிரிக்கெட் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர் மூன்றாமவர். டிவி இரண்டு, செட்டாப் பாக்ஸ் இரண்டு. மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒரு டிஷ்ஷுக்குத்தான் இடம்.

கடைக்குப் போனால் உரையாடல் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

“பாய், ஒரே டிஷ்ஷுல ரெண்டு பாக்ஸ் ஓடுமா?”

“ஓடும்ணா. ஒரு ஸ்பிளிட்டர் போட்டா போதும்.”

கட்டைவிரல் அளவுள்ள உலோகத் துண்டு. ஒரு பக்கம் ஒரு வாய், மறுபக்கம் இரண்டு. டிஷ்ஷிலிருந்து வரும் வயரை ஒற்றை வாயில் திருகி, இரட்டை வாயிலிருந்து இரண்டு வயர்களை இரண்டு பெட்டிக்கும் இழுத்தால் வேலை முடிந்தது. இரண்டு டிவியிலும் படம் வருகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்குக் கீழே ஒருவர் சேனலை மாற்றியதும் மாடியில் படம் உறைந்து, ‘சிக்னல் இல்லை’ என்ற கட்டம் வருகிறது. கீழே மறுபடி மாற்றினால் மேலே படம் திரும்பி வருகிறது. சில சேனல்களுக்கு மட்டும் இப்படி. அதுவும் ஒருதலைப்பட்சமாக: கீழே இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை, மாடியில் இருப்பவருக்கு மட்டும் போகிறது. அடுத்த நாள் சேனலை மாற்றிப் பார்க்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும்.

வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: சிக்னல் பாதிப் பாதியாகப் பிரிந்துவிட்டது, பத்தவில்லை. குழாய்த் தண்ணீரை இரண்டு வீட்டுக்குத் திருப்பினால் வேகம் குறைகிற கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தவறு. பாதியானால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆம்பூரின் தலைக்கு மேல், தென்கிழக்குத் திசையில், கிழக்கு 93.5 டிகிரி தீர்க்கரேகையில் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரம். ஆம்பூரிலிருந்து சாய்வாக அளந்தால் ஏறக்குறைய 36,200 கிலோமீட்டர். அடிவானத்திலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருப்பதால் ஜவ்வாது மலை அதை மறைப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கலாம். (டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதுபோல் தெரியாது. வீட்டு டிஷ் என்பது ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதனால் அது பார்க்கும் திசைக்கும் அது நிற்கும் சாய்வுக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். மழைநீர் தேங்காததும் இந்த வெட்டால்தான்.)

அவ்வளவு தூரத்திலிருந்து வந்து 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் விழும் ஒரு டிரான்ஸ்பாண்டரின், அதாவது கோளிலிருந்து அலையை அனுப்பும் கருவி ஒன்றின், ஆற்றல், ஒரு வாட்டை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் ஒன்றிரண்டு கூறு. அதைக் குவித்து வாங்குவது, டிஷ்ஷின் கை நுனியில் இருக்கும் எல்.என்.பி. அதன் முதல் வேலை இந்த நோஞ்சான் அலையைப் பெருக்குவது, ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்கு. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ஹரால்டு ஃப்ரிஸ் 1944-ல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். பெருக்கிகளும் வயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்போது, மொத்த இரைச்சலில் பெரும்பங்கு முதல் பெருக்கியுடையது என்பது அதன் சாரம். முதல் கட்டத்தில் நன்றாகப் பெருக்கிவிட்டால், அதன்பிறகு ஏற்படும் இழப்பு படத்தின் தரத்தை அவ்வளவாகத் தொடாது. அலை தேயும்போது அதனுடன் வந்த இரைச்சலும் சேர்ந்தே தேய்கிறது. இரண்டுக்குமான விகிதம் மாறுவதில்லை.

ஸ்பிளிட்டர் பாதியாக்குகிறது என்பது உண்மைதான். நடைமுறையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே தரும். ஆனால் நாம் போடும் ஆர்ஜி-6 வயர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓடினாலே, மேல் அதிர்வெண்களில் அதே அளவு இழப்பைத் தந்துவிடும். மாடியிலிருந்து கூடம்வரை கூடுதலாகப் பத்து மீட்டர் வயர் இழுத்ததற்காக யாரும் சேனலை இழந்ததில்லை. ஆக, பங்கு பிரித்ததால் படம் போகவில்லை. கீழே இறங்கி வருவதில் குறையில்லை. வயரில் மேலே ஏறிப் போவதில்தான் சண்டை.

மேலே என்ன போகிறது? மின்சாரம் போகிறது. எல்.என்.பி.க்குத் தனியாக மின் இணைப்பு இல்லை. செட்டாப் பாக்ஸ்தான் அதே வயர் வழியாக அதற்குச் சோறு போடுகிறது. சோற்றோடு உத்தரவும் போகிறது. அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கூட்டல் கழித்தல் போதும்.

செயற்கைக்கோள் அலை 11 கிகா ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. அந்த அதிர்வெண்ணில் வீட்டு வயருக்குள் விட்டால் சில மீட்டரிலேயே செத்துவிடும். ஆகவே எல்.என்.பி. தன்னுள் ஒரு நிலையான அலையை உருவாக்கி, வந்ததிலிருந்து அதைக் கழிக்கிறது. 11,090 மெகா ஹெர்ட்ஸில் வந்ததிலிருந்து 9,750-ஐக் கழித்தால் 1,340. இந்த 1,340 வயரில் நன்றாகவே ஓடும். வயருக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் 950 முதல் 2,150 வரை, அதாவது 1,200 மெகா ஹெர்ட்ஸ் அகலம்.

வானத்திலிருந்து வருவதோ 10,700 முதல் 12,750 வரை: 2,050 மெகா ஹெர்ட்ஸ். போதாததற்கு ஒவ்வொரு அதிர்வெண்ணும் இரண்டு முறை பயன்படுகிறது, நிமிர்ந்து ஆடும் அலையாக ஒருமுறை, படுத்து ஆடும் அலையாக ஒருமுறை. பள்ளிப் பாடநூல் இதைத் தளவிளைவு என்கிறது. டிஷ் மாட்டுபவர் வி, எச் என்கிறார். இரண்டையும் சேர்த்தால் 4,100. நாலாயிரத்துச் சொச்சம் அகலமுள்ள சரக்கு, ஆயிரத்து இருநூறு அகலமுள்ள வழி. ஒரே நேரத்தில் முழுவதையும் இறக்க வழியே இல்லை. அதனால் வானத்தை நான்கு கால்பகுதிகளாக வெட்டினார்கள்: தாழ் பட்டை நிமிர்ந்தது, தாழ் பட்டை படுத்தது, மேல் பட்டை நிமிர்ந்தது, மேல் பட்டை படுத்தது. மேல் பட்டைக்கு எல்.என்.பி. 10,600-ஐக் கழிக்கும். 11,940-லிருந்து 10,600 போனால் அதே 1,340. வானில் 850 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி நின்ற இரண்டு அலைகளும் வயருக்குள் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகின்றன. ஒரு நேரத்தில் ஒரு கால்பகுதிதான் இறங்க முடியும். எது இறங்க வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

சொல்லும் முறை வியக்கத்தக்க எளிமையானது. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி.க்குள் நிமிர்ந்த அலையை வாங்கும் ஊசி உயிர்பெறும். 18 வோல்ட் அனுப்பினால் அதற்குச் செங்குத்தாக நிற்கும் மற்ற ஊசி. அந்த மின்னழுத்தத்தின் மேல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான, நொடிக்கு 22,000 முறை துடிக்கும் சிற்றலை ஒன்றை ஏற்றினால் மேல் பட்டை. ஏற்றாவிட்டால் தாழ் பட்டை. நீங்கள் ரிமோட்டில் எண்ணை அழுத்தியதும், படம் மாறுவதற்கு முன்னால் இந்த உத்தரவு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

இப்போது ஸ்பிளிட்டருக்கு வருவோம். கீழ்ப் பெட்டி 18 வோல்ட், மாடிப் பெட்டி 13 வோல்ட் அனுப்புகின்றன. ஸ்பிளிட்டருக்குள் ஒவ்வொரு வாயிலும் ஒரு டையோடு இருக்கும். மின்சாரத்தை ஒருவழியில் மட்டும் விடும் சாதனம் அது. இரண்டில் எது உயர்ந்த மின்னழுத்தமோ அது மட்டும் மேலே போகும், மற்றதன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். 18 எப்போதும் 13-ஐ வெல்லும். இரண்டும் ஒரே மின்னழுத்தமாக இருந்தால், 22 கிலோ ஹெர்ட்ஸ் சிற்றலையை யார் அனுப்பினாலும் அது போய்ச் சேரும், ‘அனுப்ப வேண்டாம்’ என்பதற்கு அங்கே குரல் இல்லை. யார் முதலில் போட்டார்கள், யார் வீட்டுப் பெரியவர் என்பதெல்லாம் செல்லாது. வலிய உத்தரவு கேட்கும் சேனலைப் பார்ப்பவர் இரவு முழுக்க நிம்மதியாகப் பார்ப்பார்; மெலிய உத்தரவு கேட்பவர் தோற்பார். சண்டை ஒருதலைப்பட்சமாக இருந்ததன் காரணம் இதுதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பெட்டிகள் எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே எல்லோரும் தூங்கிவிட்டார்கள், டிவியும் அணைந்துவிட்டது. மாடியில் மட்டும் சேனல் வரவில்லை. காரணம், தூங்கும் பெட்டி கடைசியாகக் கேட்ட 18 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தால் மாடியில் படம் வரும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் டிஷ்ஷைத் திருப்பி, வயரை மாற்றி, கடைசியில் பெட்டியையே மாற்றியவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

டையோடு இல்லாத மலிவான ஸ்பிளிட்டர் இன்னும் மோசம். சாதாரண கேபிள் டிவிக்கென்று செய்தது பெரும்பாலும் 1,000 மெகா ஹெர்ட்ஸுக்குள் நின்றுவிடும். மின்சாரத்தையும் ஒழுங்காக விடாது. இரு வாயிலும் தடையில்லாமல் விடும் வகையாக இருந்தால், 18 வோல்ட் பெட்டியின் மின்சாரம் 13 வோல்ட் பெட்டிக்குள் பின்வழியாக நுழையப் பார்க்கும்.

அப்படியானால் ஸ்பிளிட்டர் எப்போதும் பயனற்றதா? இல்லை. தூர்தர்ஷனின் கட்டணமில்லாத சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷின் சேனல்கள் ஒரே தளவிளைவில், ஒரே பட்டையில் வருகின்றன. இரண்டு பெட்டியும் எப்போதும் ஒரே உத்தரவைத்தான் கொடுக்கும். சண்டைக்கு விஷயமே இல்லை. ஃப்ரீ டிஷ் மட்டும் வைத்திருக்கும் வீட்டில் அந்தக் கட்டைவிரல் துண்டு ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்யும். “எங்க வீட்ல நல்லாத்தான் ஓடுது” என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வது இதனால்தான். அவர் சொல்வதும் உண்மை, உங்கள் வீட்டில் ஓடாததும் உண்மை.

இந்தச் சிக்கலைக் கேபிள்காரர்கள் டிடிஹெச் வருவதற்கு முன்பே தாண்டியிருந்தார்கள். 1990-ல் ஏசியாசாட்-1 ஏவப்பட்டது, 1991-ல் ஸ்டார் டிவி வந்தது, 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. அந்த ஆண்டுகளில் கேபிள்காரரின் மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் வலைக் கிண்ணங்கள் முளைத்தன. அவருக்குத் தேவை ஒரு கிண்ணத்தில் இரண்டு பெட்டி அல்ல. சேனலுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பெட்டி. அவர் ஸ்பிளிட்டர்தான் போட்டார், எல்லாம் ஓடின. எப்படி? அந்தக் கிண்ணங்கள் வாங்கிய சி-பேண்ட் என்ற அலைவரிசையில் ஒரு தளவிளைவின் மொத்த அகலமே 500 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 3,700 முதல் 4,200 வரை. முழுவதும் ஒரே வயரில் இறங்கிவிடும்; பட்டை மாற்றும் வேலை இல்லை. நிமிர்ந்ததற்கு ஒரு எல்.என்.பி., படுத்ததற்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி வயர், மாறாத மின்சாரம். உத்தரவு என்ற பேச்சையே எடுத்துவிட்டார். உத்தரவு இல்லாத இடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பங்கு போடலாம். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2008-ல் தஞ்சாவூர், கோவை, நெல்லையோடு வேலூரிலும் அமைத்த கட்டுப்பாட்டு அறையைப் போன்ற பெரிய நிலையங்களுக்கும் அடிப்படை இதுவே: சில கிண்ணங்கள், அலமாரி அலமாரியாகப் பெட்டிகள்.

வீட்டுக்கான தீர்வும் இந்த யோசனையிலிருந்து பிறந்ததே. ட்வின் எல்.என்.பி. என்பது வெளியே ஒன்றாகத் தெரியும், உள்ளே இரண்டு பேருக்கு வேலை செய்யும். அலை நுழையும் கொம்பு ஒன்று, ஊசிகள் அதே இரண்டு. ஆனால் ஊசிகளிலிருந்து வரும் அலை பெருக்கப்பட்ட பின் இரண்டு தனித்தனித் தேர்வுச் சுற்றுகளுக்கும் போகிறது. அடியில் இரண்டு வாய். ஒரு வாயில் 13 வந்தாலும் மறு வாயில் 18 வந்தாலும் ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டு வயர் இழுக்க வேண்டும் என்பதுதான் கூடுதல் செலவு. நான்கு பெட்டிக்கு நான்கு வாயுள்ள குவாட் இருக்கிறது. அதற்கு மேல், ஒரு கட்டடத்தில் எட்டு வீடு என்றால், நான்கு கால்பகுதிகளையும் நான்கு வயரில் நிரந்தரமாக இறக்கும் குவாட்ரோவும், கீழே ஒவ்வொரு வீட்டின் உத்தரவையும் கேட்டு உரிய வயரிலிருந்து கொடுக்கும் மல்ட்டிஸ்விட்சும் வேண்டும். குவாட், குவாட்ரோ, இரண்டுக்கும் பெயரும் ஒன்றுபோல, வாயும் நான்குதான். மாற்றி வாங்கி மாட்டினால் நான்கு வீட்டுக்கும் ஆளுக்குக் கால்பங்கு சேனல் வரும்.

சிலர் டைசெக் ஸ்விட்ச் வாங்கிக்கொண்டு வருவார்கள். அது எதிர்த்திசைக்கானது: ஒரு பெட்டி, இரண்டு மூன்று எல்.என்.பி.க்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. ஐரோப்பியச் செயற்கைக்கோள் நிறுவனமான யூட்டல்சாட் உருவாக்கிய முறை அது. அதே 22 கிலோ ஹெர்ட்ஸ் சிற்றலையைத் துண்டு துண்டாக விட்டு உத்தரவு எழுதுகிறது. திருப்பி மாட்டினால் இரண்டு பெட்டிக்கு உதவாது.

ஆனால் இரண்டு வெவ்வேறு சேவைகளை ஒரே டிஷ்ஷில் வாங்க முடியுமா என்ற கேள்விக்கு அது உதவும். டிஷ் என்பது கண்ணாடி. ஆம்பூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் பரவளையம் செய்வதும் நம் மாடியில் இருப்பது செய்வதும் ஒன்றே. வித்தியாசம் அலைநீளத்தில். காவலூர்க் கண்ணாடியின் அகலத்தில் ஒளி அலைகள் நாற்பது லட்சத்துக்கும் மேல் அடங்கும்; நம் 60 சென்டிமீட்டரில் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அலைகள் இருபத்திரண்டுதான். அதனால் நம் டிஷ்ஷின் பார்வை மழுங்கல், சுமார் மூன்று டிகிரி. முழுநிலவு ஆறு வரிசையாக நிற்கும் அகலம்.

சூரியனோ செயற்கைக்கோளோ, சற்றுத் தள்ளி இருந்தால் அதன் குவியமும் எதிர்ப்புறம் தள்ளி விழும். கிழக்கே இருப்பதற்கான எல்.என்.பி. மேற்கே நிற்க வேண்டும். 83 டிகிரியில் ஒரு கோள், 93.5-ல் ஒரு கோள் என்றால் குவியங்கள் ஆறேழு சென்டிமீட்டர் விலகி விழும். ஒரு தகட்டில் இரண்டு எல்.என்.பி.யைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம், ஓரத்தில் நிற்பது கொஞ்சம் வலு குறைவாக வாங்கும். ஆனால் 91.5, 93.5 என்று அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தால் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர்தான். எல்.என்.பி.யின் கழுத்தே நான்கு சென்டிமீட்டர். அங்கே இரண்டு பேர் நிற்க முடியாது.

இந்த இரண்டு டிகிரி தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. 2010 ஜூலை 7-ல் இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க நேர்ந்தது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வரைபடத்தில் இரண்டு டிகிரி, மாடியில் ஸ்பேனரைப் போட்டு ஒரு விரற்கடை நகர்த்தல்.

கம்பியியல் சரியானாலும் கணக்கு வழக்கு தனி. கட்டணச் சேவையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சந்தா வேண்டும், ட்வின் எல்.என்.பி. போட்டதால் பூட்டிய சேனல் திறக்காது. ஒரே வீட்டின் கூடுதல் டிவிக்கு அடிப்படை இணைப்புக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் வரம்பு வைத்தது; 2024-ல் அதை எடுத்துவிட்டது.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் ஒருநாள் படம் போகும். எது போகிறது, எப்போது போகிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். சில சேனல்கள் மட்டும் போய், மற்ற பெட்டியின் சுவர் சுவிட்சை அணைத்ததும் திரும்பினால் பழி ஸ்பிளிட்டர் மேல். ஒரு பெட்டியில் மட்டும் எல்லாமே மெல்ல மெல்லப் போனால் திருகு முனையைக் கழற்றிப் பாருங்கள். அந்த முனையில் தனி ஊசி கிடையாது. வயரின் நடுக் கம்பியேதான் ஊசி, அதன் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. டேனரிகளில் தோலின் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை வாடை. செம்பைக் கருக்கும் வாயு அது. மழையும் அந்தக் காற்றும் சேரும் மாடியில், ரப்பர் மூடி போடாத முனை கருத்துப் போயிருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புது முனை போடுவதுதான் வைத்தியம்.

இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் எல்லாம் போய், வெளியே இடி மழை என்றால் பொறுத்திருக்க வேண்டும். இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அலையைப் பெருந்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும்.

வானம் வெளுத்திருக்கும்போதே, மார்ச் நடுவிலோ செப்டம்பர் இறுதியிலோ, காலை பதினொன்றை ஒட்டிச் சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த சில நாட்களும் அதே நேரத்தில் அப்படியே ஆனால் சூரியன்தான் காரணம். அந்த நாட்களில் அது ஆம்பூரிலிருந்து பார்க்கையில் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. டிஷ் கோளோடு சேர்த்துச் சூரியனின் ரேடியோ இரைச்சலையும் குவித்து எல்.என்.பி.யில் கொட்டுகிறது. ட்வினும் குவாட்டும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. பத்து நிமிடத்தில் சூரியன் நகர்ந்துவிடும். டிஷ்ஷை யாரும் தொடாமல் இருந்தால் போதும்.